கை மாறிய காசு

15ஆம் தேதி நெருங்கினால் என் கடைவாசலில் ஒரே கேள்விதான்: "ஏறிருச்சா பாய்?"

உத்தமபாளையம் பக்கம் வங்கிச் சேவை முகவராக இருக்கிறேன். தமிழக அரசு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைக் கைரேகை வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுப்பது என் வேலை. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம். தொடங்கும்போதே 1 கோடியே 6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு நிபந்தனை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. எதற்குச் செலவழிப்பது என்பதற்கு ஒரு நிபந்தனையும் கிடையாது.

திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வருவார். ரேகை தேய்ந்துபோனதால் இயந்திரம் நாலு தடவை மறுக்கும். விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி ஐந்தாவது தடவை வைப்பார். ஒரு மாதம் 500 ரூபாயைத் தனியே மடித்து முந்தானையில் முடிந்தார். காலில் ஆறாத புண். "ஆஸ்பத்திரிக்கா?" என்றேன்.

"மொய்க்கு பாய்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புண்ணை வைத்துக்கொண்டு மொய்யா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

"பேத்தி காதுகுத்துக்கு ஒரு வீட்டுல எழுதுனது பாய். திருப்பி எழுத வக்கில்லாம மூணு வருசமா அவுக தெருவுக்குள்ள போறதில்ல. சுத்திக்கிட்டுத்தான் போறேன், இந்தக் காலோட."

அன்றிரவு மதரஸாவில் படித்த ஒரு சட்டம் என்னை உறங்கவிடவில்லை. எங்கள் ஹனஃபி மத்ஹபில், அதாவது சட்ட மரபில், ஜகாத் என்னும் கட்டாயக் கொடை நிறைவேற 'தம்லீக்' வேண்டும். பொருளை ஏழைக்கு முழு உரிமையாக்கிக் கொடுக்க வேண்டும். ஜகாத் என்று எண்ணி ஏழைகளைப் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டால் கடமை நீங்காது. அந்தச் சோற்றை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். உண்பதோ விற்பதோ இன்னொருவருக்குக் கொடுப்பதோ அவர்கள் பாடு. பந்தியில் மிஞ்சிய சோறு நம் வீட்டுச் சோறுதானே? சின்ன வயதில் இதை வெறும் சட்ட நுணுக்கம் என்றே நினைத்தேன். ரமலானில் 40இல் ஒரு பங்கைப் பிரித்து உறையில் போட்டுக் கொடுக்கும் அத்தா, கொடுத்த கையோடு மழை, ஆற்றுத் தண்ணீர் என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

தொகையின் பெயரிலேயே 'உரிமை' இருக்கிறது. மாதாமாதம் வாயால் சொல்லியும் எனக்கு உறைக்கவில்லை.

ஏழை கையில் காசு கொடுத்தால் குடித்து அழிப்பான் என்பவர்கள் உண்டு. உலக வங்கிக்காக எவன்ஸ், பொப்போவா என்ற இரு ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இப்படிக் கொடுத்த பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையே காரணமாக்கி வாதாட மனம் வரவில்லை. ஒழுங்காகச் செலவழிப்பதால்தான் கொடுக்கிறோம் என்றால், நாளை ஒருத்தி தப்பாகச் செலவழித்ததும் பறித்துவிடலாமே. என் கமிஷனை நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்டதில்லை. வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டு போகும் கணவர்களைக் கண்டால்தான் எனக்குப் பொறுக்காது.

அடுத்த மாதம் அந்த அம்மா வந்தார். விரலைத் தலையில் தேய்த்தார். மூன்றாவது தடவையே ரேகை விழுந்தது. எண்ணிக் கொடுத்தேன்.

"எதுக்குன்னு கேக்கலையா பாய்?"

"பெரியாத்துல தண்ணி திறந்துட்டாகளாமே ஆத்தா," என்றேன்.