பதவி உயர்வா, பணிவிடையா? – ஜும்ஆ உரை

புகழனைத்தும் அகிலங்களின் இறைவனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இன்றைய உரையைத் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

சில நாட்களுக்கு முன் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு தம்பி வந்து, "ஹஜ்ரத், ஒரு மஷ்வரா வேணும்" என்றார். வயது 24. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேர்ந்தவர். ஆறு வருடம் கவுண்டரில் நின்று புடவை விரித்துக் காட்டியிருக்கிறார். இப்போது முதலாளி அழைத்து, ஒரு தளம் முழுவதையும் மேற்பார்வை செய்யும் சூப்பர்வைசர் பொறுப்பைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சம்பளமும் கூடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவர் மட்டும் தூங்கவில்லை.

காரணம், போன வருடம் மவுத்தான அவருடைய அத்தா. 19 நாள் மருத்துவமனையில் கிடந்தார். படுக்கைப் புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, மலஜலம் சுத்தம் செய்து, முகம் சுளிக்காமல் பேசியவர் ஓர் ஆண் செவிலியர். "அத்தாவுக்கு நான் செய்ய வேண்டியதை யாரோ ஒருத்தர் செஞ்சார் ஹஜ்ரத். எனக்கு அது தெரியாம கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அன்னையிலிருந்து நர்ஸிங் படிக்கணும்னு மனசுல இருக்கு" என்றார்.

ஜி.என்.எம். என்றால் மூன்று வருடம், பி.எஸ்சி. நர்ஸிங் என்றால் நான்கு வருடம். அதுவரை சம்பளம் இல்லை. வீட்டில் அம்மா தையல் வேலை செய்கிறார். தங்கை பள்ளியில் படிக்கிறாள். கட்டணத்துக்கு வங்கிக் கடன் என்றால் வட்டி. எதை எடுப்பது?

இது அந்தத் தம்பியின் கேள்வி மட்டுமல்ல. நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள், கையில் இருக்கும் பிழைப்புக்கும் மனதில் இருக்கும் பணிக்கும் நடுவில் நிற்கிறார்கள். ஆகவே இந்த ஜும்ஆவில் இதைப் பேசுவோம்.

இரண்டுமே கண்ணியமான தொழில்கள்

வியாபாரத்தை மட்டமாகவும் மருத்துவத்தை உயர்வாகவும் பேசுவது எளிது. மார்க்கம் அப்படிப் பேசவில்லை. ஹிஜ்ரத் செய்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு மட்டும் வழிகேட்டுச் சென்றார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களும் துணி வியாபாரிதான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஃபர்ளு கிஃபாயாவைப் பற்றி எழுதும்போது மருத்துவத்தைச் சேர்க்கிறார்கள். அதே இடத்தில் விவசாயத்தையும் நெசவையும் தையலையும் சேர்க்கிறார்கள். நோயாளிக்கு மருந்து தேவைப்படுவதைப் போலவே மனிதனுக்கு உடுத்தத் துணியும் தேவை. துணி விற்பவர் வீண் வேலை செய்யவில்லை.

ஆனால் அவர்கள் இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்கிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம்களில் ஒரு மருத்துவர்கூட இல்லை. ஆனால் ஃபிக்ஹு விவாதங்களைக் கற்கக் கூட்டம் அலைமோதுகிறது என்கிறார்கள். ஒரு கடமையைச் செய்ய ஆட்கள் நிறைய இருந்து, இன்னொன்றைச் செய்ய ஆள் இல்லை என்றால், ஆள் இல்லாத பக்கம் போகிறவருக்குப் பெறுமதி கூடுகிறது.

இஸ்திகாரா கற்றுத் தரும் மூன்று அளவுகள்

"இஸ்திகாரா தொழுதேன், கனவு ஒண்ணும் வரலியே" என்றார் அந்தத் தம்பி. இஸ்திகாரா கனவுக்காகக் காத்திருக்கும் தொழுகை அல்ல. குர்ஆனின் ஸூராவைக் கற்றுத் தருவதைப் போல நபி (ஸல்) அவர்கள் அதை எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. அந்த துஆவின் கருத்தைக் கவனித்துப் பாருங்கள். இந்தக் காரியம் என் தீனுக்கு நல்லதா, என் வாழ்வாதாரத்துக்கு நல்லதா, என் காரியத்தின் முடிவுக்கு நல்லதா என்று மூன்றைக் கேட்கிறோம். அல்லாஹ்விடம் கேட்கும் அந்த மூன்றையும் நாமும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் அல்லவா?

முதலாவது: தீன்

கவுண்டரில் நிற்பவர் தம் நாவுக்கு மட்டும் பொறுப்பாளி. சூப்பர்வைசரோ மற்றவர்களின் நாவுக்கும் பொறுப்பாளி. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்துக் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். இன்று அந்த ஈரம், விலைச் சீட்டை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு தள்ளுபடி போடுவதில் இருக்கிறது. அதை ஒட்டச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மறுபக்கமும் உண்டு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. அதற்கு முன் நாள் முழுக்க நின்றே கால் நரம்பு புடைத்தவர்கள் எத்தனை பேர்! சட்டம் காகிதத்தில் இருக்கும். நாற்காலியில் உட்கார விடுவது சூப்பர்வைசர்தான். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பையன்களைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர்தான். உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. இறையச்சமுள்ள ஒருவர் அந்தப் பதவியில் இருப்பது நாற்பது குடும்பங்களுக்கு நிம்மதி.

செவிலியர் பணியிலும் சோதனை இருக்கிறது. இரவுப் பணி, தொழுகை நேரம், அவ்ரத்தின் பேணுதல், யாரும் பார்க்காத நேரத்தில் அழைப்புமணியைக் கேட்டும் கேட்காதது போல் இருந்துவிடும் சோம்பல், ஏழை நோயாளியிடம் கைநீட்டும் கேவலம். வெள்ளைச் சீருடை போட்டதால் மட்டும் உள்ளம் வெளுத்துவிடாது.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஜும்ஆவின் அழைப்பு கேட்டால் வியாபாரத்தை விட்டுவிடும்படி அல்லாஹ் ஏவுகிறான். அதே ஜும்ஆவுக்கு, கவனிக்க வேறு ஆளே இல்லாத நோயாளியின் அருகில் இருப்பவர் வராமல் இருக்கலாம், லுஹர் தொழுதுகொள்ளலாம் என்று ஃபிக்ஹு நூல்கள் சலுகை தருகின்றன. இது வியாபாரியை இழிவுபடுத்துவதற்காக அல்ல. நோயாளியின் படுக்கைக்கு மார்க்கம் எவ்வளவு மதிப்புத் தந்திருக்கிறது என்று நாம் விளங்கிக்கொள்வதற்காக!

"ஆம்பளப் புள்ள நர்ஸா?"

உறவினர் ஒருவர் இப்படிக் கேட்டாராம். அவருக்கு உஸ்மான் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லுங்கள். ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போர். உஸ்மான் (ரலி) களத்துக்குப் போகவில்லை. நபியவர்களின் மகளாரும் தம் மனைவியுமான ருகைய்யா (ரலி) நோயுற்றிருந்ததால், அவர்களைக் கவனித்துக்கொள்ள மதீனாவில் தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு அறிவித்தார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்த ஆண், பத்ருடைய கூலியைப் பெற்றார். இதைவிட என்ன ஆண்மை வேண்டும்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம்மிடம் இன்னொரு முரண்பாடு. நம் வீட்டில் பிரசவம் என்றால் பெண் மருத்துவர், பெண் செவிலியர் வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். நம் மகள் செவிலியர் படிக்கிறேன் என்றால் கூடாது என்கிறோம். அப்படியானால் யார் வீட்டுப் பெண் வந்து நம் பெண்ணைப் பார்க்க வேண்டும்? உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் நபியவர்களுடன் சென்று நோயாளிகளைக் கவனித்தார்கள். ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்கு மருத்துவம் செய்தார்கள். அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் சிகிச்சை வரலாற்றில் அவர்களின் பெயர் இருக்கிறது.

இரண்டாவது: வாழ்வாதாரம்

இங்கே உணர்ச்சிவசப்படக் கூடாது. தம் பொறுப்பில் இருப்பவர்களைப் பராமரிக்காமல் வீணாக்குவது ஒருவருக்குப் பாவத்தால் போதுமானது என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. அம்மாவைப் பட்டினி போட்டுவிட்டு அடுத்தவரின் அம்மாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொள்வது தியாகம் ஆகாது.

எனவே அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "ஒரு தாளை எடு. அம்மாவோட வருமானம், வாடகை, தங்கை படிப்பு, சேமிப்பு, எல்லாத்தையும் எழுது. மூணு வருஷம் வீட்டு அடுப்பு எரியுமான்னு பாரு. வட்டியில்லாம கட்டணம் கட்ட வழி இருக்கான்னு தேடு. அம்மாகிட்ட மறைக்காம பேசு."

இன்னொன்றும் சொன்னேன். யாரோ அவருக்கு யோசனை தந்திருக்கிறார்கள்: "இப்ப பதவியை வாங்கிக்க. நாலு மாசம் கூடுதல் சம்பளம் வாங்கிட்டு, சீட் கிடைச்சதும் நின்னுக்க." இது அமானிதத்துக்கு மாறு. முதலாளி நம்பித் தருகிறார். போகும் எண்ணம் இருந்தால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். நல்ல பணியை ஏமாற்றில் ஆரம்பித்தால் பரக்கத் எங்கிருந்து வரும்?

மூன்றாவது: முடிவு

ஐம்பது வயதில் எங்கே இருப்பேன், மரணத்துக்குப் பின் எதைக் கொண்டு போவேன் என்பதே மூன்றாவது கேள்வி. கடையின் பதவி கடையோடு இருக்கும். கடை மூடினால் பதவியும் போகும். கற்ற கைத்தொழில் கூடவே வரும். எந்த ஊருக்குப் போனாலும் நோயாளி இருப்பான். மறுமை நாளில் அல்லாஹ் அடியானிடம், நான் நோயுற்றபோது நீ ஏன் வரவில்லை என்று கேட்பதாகவும், என் அடியானை நலம் விசாரித்திருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்ற கருத்தில் சொல்வதாகவும் முஸ்லிமில் ஹதீஸ் குத்ஸி வருகிறது. விசாரிக்கப் போகிறவருக்கே இந்த நிலை. எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருப்பவரின் நிலை என்ன!

ஆனால் எல்லாம் நிய்யத்தைப் பொறுத்தது. வளைகுடா விசா மட்டுமே குறிக்கோள் என்றால் விசா கிடைக்கும், அவ்வளவுதான். வெளிநாட்டில் சம்பாதிப்பது தவறல்ல. நோயாளியை மறந்துவிட்டுச் சம்பாதிப்பதுதான் இழப்பு.

ஜமாஅத்தின் பொறுப்பு

அன்பானவர்களே! நான் அவருக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. என் கருத்தைச் சொன்னேன். வீட்டு அடுப்பு எரிய வழியிருந்து, வட்டியைத் தவிர்க்க முடிந்தால், படிக்கப் போ. முடியாவிட்டால் பதவியை ஏற்றுக்கொள், தோற்றுவிட்டதாக நினைக்காதே. அம்மாவுக்கு ஊட்டும் கவளம் ஸதகா. உன் கீழ் வேலை செய்பவருக்கு நீ போடும் நாற்காலியும் ஸதகா. உன் நிய்யத்தை அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் அந்த "வழியிருந்து" என்பது அவர் கையில் மட்டுமா இருக்கிறது? நம் கையிலும் இருக்கிறது. திருமண மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் மஹல்லாவில், ஒரு பிள்ளையின் மூன்று வருடப் படிப்புக்குக் கர்ளு ஹஸனா என்னும் அழகிய கடன் தர நான்கு பேர் சேர முடியாதா? படித்து முடித்துச் சம்பாதித்துத் திருப்பித் தரட்டும், அடுத்த பிள்ளைக்கு அது போகட்டும். பைத்துல்மால் நிர்வாகிகள் இன்று அஸர் தொழுகைக்குப் பின் உட்கார்ந்து பேசுவார்கள். விரும்புகிறவர்கள் வாருங்கள். நாளை நாம் படுக்கையில் கிடக்கும்போது நம்மைப் புரட்டிப் படுக்க வைக்கும் கை யாருடையது என்று நமக்குத் தெரியாது.

இஸ்திகாரா துஆவின் கடைசியில், நன்மை எங்கே இருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்று கேட்கிறோம். நல்லதைத் தேர்வு செய்வது ஒரு நிஃமத். தேர்வு செய்ததில் மனம் நிறைவது அதைவிடப் பெரிய நிஃமத். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான, பிறருக்குப் பயன் தரும் வாழ்வாதாரத்தைத் தருவானாக! நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்பவர்களுக்கு நிறைவான கூலியையும் தந்தருள்வானாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!