பேய்க்கு வாடகை கிடையாது

ஒரு வீடு நாலு வருஷம் பூட்டிக் கிடந்தால் போதும். அஞ்சாவது வருஷம் பேய் குடிவந்துவிடும். அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது. நம்ம ஊரில் மட்டுமில்லை, அமெரிக்காவிலும் இதே கதைதான்.

ஒஹையோ மாநிலத்தில் பாஸ்டன் மில்ஸ் என்று ஒரு சின்ன ஊர். 1827-ல் கிளீவ்லாண்டுக்கும் ஆக்ரனுக்கும் நடுவே கால்வாய் திறந்தார்கள். படகு, மில், வியாபாரம் என்று ஊர் களைகட்டியது. அப்புறம் ரயில் வந்தது. 1913 வெள்ளம் கால்வாயின் கதையை முடித்தது. இன்று இணையத்தில் தேடினால் அந்த ஊருக்குப் பெயர் 'ஹெல்டவுன்'. நரக ஊர்!

சர்ச்சில் தலைகீழ் சிலுவையாம், சாத்தானைக் கும்பிடுகிறார்களாம். காட்டுக்குள் நின்ற ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளைக் கொன்றார்களாம். ரசாயனம் கசிந்ததால் ஊரையே ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார்களாம்.

நிஜத்தில் நடந்தது என்ன?

1974 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். குயஹோகா ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றும் சட்டம். அதற்காக அரசாங்கம் வீடுகளை வாங்கியது. இஷ்டப்பட்டு விற்றவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் கொடுத்தவர்களும் உண்டு. ஜன்னலில் பலகை அடித்து, 'அரசு சொத்து, உள்ளே வராதே' என்று போர்டு மாட்டினார்கள். இடிக்கும்வரை பல வீடுகள் வருஷக்கணக்கில் அப்படியே நின்றன. மிச்சத்தை ஊர் இளவட்டங்கள் பார்த்துக்கொண்டார்கள். தலைகீழ் சிலுவை என்பது பழங்காலக் கட்டட அலங்காரம். பக்கத்துக் குப்பைக் கிடங்கில் விஷக்கழிவு இருந்தது நிஜம்தான். ஆனால், ஊர் காலியானது அதனால் இல்லை.

அந்தச் சட்டம் தப்பா? சொல்லமாட்டேன். இதே ஆறு, கிளீவ்லாண்டில் 1969-ல் தீப்பிடித்து எரிந்தது. இன்று பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. கழுகுகள் திரும்பி வந்து கூடு கட்டுகின்றன.

என் உறுத்தல் வேறு. காமர்ஸ் படித்தவன் நான். வீட்டுக்குக் கொடுத்த விலையைக் கணக்கில் எழுதிவிடலாம். பிள்ளை வளர வளர கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகளை எந்தத் தலைப்பில் எழுதுவது? எழுதாமல் விட்ட அந்தப் பாக்கிதான் பேயாக அலைகிறதோ என்று தோன்றுகிறது.

பேய்க்கதையில் நமக்கு ஒரு சௌகரியம். சாத்தான் துரத்தினான் என்றால் குற்றவாளி சாத்தான். 'எல்லோருடைய நன்மைக்காக சிலரை எழுப்பினோம்' என்றால், அந்த 'எல்லோரில்' நானும் வந்துவிடுகிறேனே! பயப்படுவது சுலபம். நன்றிக்கடனை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

இனி யாராவது, 'அந்த வீட்டுல பேய் இருக்கு' என்றால் ஓடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அதுக்கு முன்னாடி அங்கே யாருங்க இருந்தாங்க?"