ஓசிக் கல்லும் வெட்டி வேலையும்

இத்தாலியில் மிலான் நகரத்தின் பெரிய தேவாலயம் 1386-ல் தொடங்கியது. அதற்கான பளிங்கு கந்தோலியா மலையில் வெட்டியது. தோச்சே ஆற்றில் இறக்கி, மஜ்ஜோரே ஏரியைத் தாண்டி, தீச்சினோ ஆற்றோடு வந்து, நவீலியோ கிராந்தே கால்வாயில் நுழைந்தால் இன்னும் சுமார் 50 கிலோமீட்டர். பாரத்தோடு வரும்போது நீரோட்டமே படகைக் கொண்டுவந்துவிடும். திரும்பும்போது கரையில் குதிரை பூட்டி இழுக்கணும்.

1387-ல் மிலானை ஆண்ட ஜான் கலியாட்ஸோ விஸ்கோந்தி அந்தக் கல்லுக்குச் சுங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். திருப்பணிக்கு உரியது என்னும் லத்தீன் தொடரின் சுருக்கமாக 'ஏ யு எஃப்' என்று பொறித்த சரக்கு வரியில்லாமல் போனதாம். அதிலிருந்துதான் 'ஆ ஊஃபோ' என்ற பேச்சு, அதாவது அடுத்தவன் செலவில் தின்பது, வந்தது என்பார்கள். மொழியறிஞர்களுக்கு இதில் சந்தேகம் உண்டு. இருக்கட்டும், நம்ம 'ஓசி'க்கும் கம்பெனித் தபால் முத்திரையைக் காட்டுற கதை இருக்கே!

சுங்கம் இல்லை என்றதால் கல்லின் பாரம் குறைந்ததா? அங்கே கல் உடைத்தவனுக்குக் கூலி உண்டு, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நகரத்துக் கைவினைக் குழுக்கள் தாமாக வந்து சும்மாவும் வேலை செய்தன. தாமாக வந்தவர்கள் தாமாகவே வீட்டுக்கும் போகலாம்.

நம்ம கதை வேற. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. ஊரை இறையிலியாகக் கோயிலுக்கு எழுதி வைத்தார்கள். அரசனுக்குப் போக வேண்டியது கோயிலுக்குப் போனது. உழுதவனுக்கு எதுவும் இறங்கவில்லை. புண்ணியம் யார் கணக்கில் ஏறியது?

என்னை உறுத்துவது இதுதான். மிலானில் வசவு, ஓசியில் தின்றவன் மேல் விழுந்தது. இங்கே ஓசியில் உழைத்தவன் மேல் விழுந்தது. வெட்டிப்பேச்சு, வெட்டிப்பய, தண்டச்சோறு. மாடு செத்தால் தூக்கவும், சாவுச் சேதி சொல்லவும், குழி தோண்டவும் ஓடியவனின் பெயரே சோம்பேறிக்குப் பெயராச்சு. உழைப்பைத் திருடுவது ஒரு களவு. உழைக்கவே இல்லை என்று மொழியில் எழுதி வைப்பது அதைவிடப் பெரிய களவு இல்லையா?

காலேஜ் முடித்த நம்ம பையனே இன்று "சும்மா வெட்டியா இருக்கேண்ணா" என்கிறான். அவன் பூட்டனுக்கு அந்த வார்த்தை தெரியும். கூலி கேட்க முடியாது, வரமாட்டேன் என்றும் சொல்ல முடியாது.