வேட்டையும் விசாரணையும்

கொழும்பு–புத்தளம் நெடுஞ்சாலையில், களப்பின் அருகே அமைந்த முந்தலில், ஓர் இளைஞன் திரைப்படமொன்றைக் காண்கின்றான் எனக் கொள்வோம். அரசு ஒருவனை வேட்டையாடுகின்றது; அவனோ குற்றமற்றவன். குறைந்த முதலில் உருவாகும் இத்தகைய படங்களில் பெருங்காட்சிகளுக்கு இடமில்லை. கமரா ஓடுபவனையே பற்றிச் செல்லும். ஆதலால் காண்போன் அவன் தூய்மையை முன்னரே அறிந்து, அவனுக்காகப் பதைக்கின்றான். ‘நாயாட்டு’ (2021) என்னும் மலையாளப் படத்தில் துரத்தும் தொழிலினரான காவலர் மூவரே துரத்தப்படுகின்றனர். அவர்களுக்காகவும் நெஞ்சம் பதைக்கின்றது.

வாழ்வில் அக்கமரா இல்லை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் பேருந்தினின்று இறங்கி அடையாள அட்டையை நீட்டியவனின் தூய்மையை எவர் கண்டிருந்தார்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரை வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022இல் அது 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது.

கண்காணிப்பே வேண்டா எனல் எளிதன்று. 2019 சனவரியில் இம்மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில் வெடிபொருள்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அரசுக்குக் கண்கள் வேண்டும்.

எனினும், “மறைக்க ஏதுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?” என்னும் வினா பிழையானது. அவன் அஞ்சுவது, தான் அறிந்த தன் தூய்மையைப் பிறர்க்குக் காட்ட இயலாமையாலேயே. திரையில் கமரா காட்டுவதை வாழ்வில் காட்டவல்லது காலந்தாழ்த்தாத நீதிமன்ற விசாரணை ஒன்றே. திரையில் ஓடுபவனுக்காகப் பதைத்த நெஞ்சம், முகமறியாக் கைதிக்கும் அவ்விசாரணையைக் கோருமாயின் அப்பதைப்பு அறமாகும். இன்றேல் அது வெறும் பொழுதுபோக்கே.