கால் அங்குலம்

போட்டோவுக்குச் சட்டம் போட்டால் போட்டோவில் கொஞ்சம் காணாமல் போகும். செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுக்கிறோம். கண்ணாடி, படம், பின்அட்டை எல்லாம் அந்தப் படியில்தான் உட்காரும். முன்னாலிருந்து பார்த்தால் காடியின் உதடு நாலு பக்கமும் கால் அங்குலம் படத்தை மூடியிருக்கும். மூடாவிட்டால் படம் முன்பக்கமாக விழுந்துவிடும். பிடித்துக்கொள்ள வேறு வழியில்லை.

கான்ட் தன் நூலில் படச்சட்டத்தையும் சிலையின் ஆடையையும் மாளிகையைச் சுற்றிய தூண்வரிசையையும் ஒன்றாக வைத்து, இவை படைப்புக்கு வெளியே இருக்கும் ஒட்டு என்கிறார். எது உள்ளே, எது வெளியே என்று தெரிதா 1978இல் அந்த இடத்தை நீளமாகக் குடைந்தார். எனக்கு ஒரு அடிஸ்கேல் போதுமாக இருந்தது.

படம் அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ, 1984. 12க்கு 10 அங்குலம். நடுவில் மாலையோடு இருவர், சுற்றிச் சொந்தபந்தம். வலது ஓரத்தில் அப்பத்தா. தாலியறுத்தவள் என்பதால் சொந்த மகன் கல்யாணத்திலேயே மேடைக்கு ஓரம். தோள் பாதி தாளுக்கு வெளியே. காதுக்கும் தாள் விளிம்புக்கும் நடுவே கால் அங்குலம்கூட இல்லை. அவளுக்கு வேறு போட்டோ கிடையாது.

மரம், கதவு செய்த ஆசாரி விட்டுப்போன நாலு தேக்குத் துண்டு. ஒவ்வொன்றும் 15 அங்குல நீளம், ஒன்றரை அகலம். படத்தை நேராகக் காடியில் வைத்தால் நீளப்பக்கத்துக்குப் பதினாலரை போதும், மரம் கச்சிதமாக வரும். அப்பத்தாவின் காது போகும். படத்தைப் பெரிய அட்டையில் ஒட்டி, சுற்றிலும் ஓர் அங்குலம் வெள்ளை விட்டால் சட்டம் வெள்ளையை மட்டும் தின்னும். ஆனால் நீளப்பக்கம் பதினாறரை ஆகிவிடும். மரம் பத்தாது.

அம்மா சொன்னாள், "ஓரம்தானடா, போனா போகுது. நல்ல தேக்கு வீணாகக் கூடாதுல்ல."

மிச்சத்தை வீணாக்காத வீட்டில்தான் வளர்ந்தேன். பழைய சேலை தொட்டிலாகும், நைந்த வேட்டி விளக்குத் திரியாகும். அது நல்ல குணம், கிண்டலடிக்க மாட்டேன். ஆனால் உள்ளதை வைத்துச் சமாளிக்கும்போது சமாளிப்பது யார் என்று பார்க்கணும். எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் இருந்ததைச் சாப்பிட்டவள் அப்பத்தா. கல்யாணத்தன்று அவளை யாரும் பிடித்துத் தள்ளியிருக்க மாட்டார்கள். மேடையில் இடமில்லை, அவ்வளவுதான். இப்போது மரம் இல்லை. யாருமே கெட்டவர்கள் இல்லாமல் ஒரு ஆளை இரண்டுமுறை வெட்டிவிட முடியும் என்பதுதான் எனக்கு உறுத்தியது. அளவை யாரோ முதலில் முடிவு பண்ணியபிறகுதானே இடம் பத்தாமல் போகிறது?

ஸ்டுடியோவில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் அவளை அம்மா பக்கத்திலேயே நிறுத்தித் தருவார்கள். அது வேண்டாம் என்று நினைத்தேன். அவள் ஓரத்தில் நின்றதும் தெரியணும்.

பழைய கட்டில் சட்டத்திலிருந்து இரண்டு வேப்பந்துண்டு அறுத்தேன். தேக்கிலும் வேம்பிலும் பாதிப் பாதிக் கனம் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, ஃபெவிகால் போட்டு ஒருநாள் இறுக்கி வைத்தேன். ஒட்டு பலமாகத்தான் இருக்கிறது. நிறம்தான் சேரவில்லை, மேலும் கீழும் மூன்று விரற்கடைக்குச் செம்பழுப்பு தனியாகத் தெரிகிறது. கறுப்பு பெயின்ட் அடித்து மறைச்சிடேன் என்கிறாள் அம்மா. வார்னிஷ் மட்டும் அடித்திருக்கிறேன். இன்னும் காயவில்லை.