பெஞ்சில் இருந்த பையன்

ஈ.சி.ஆர். ரோட்டில் பாண்டிச்சேரி போகும்போது, மரக்காணம் பக்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். கொளுத்துகிற வெயிலில், பாத்தியில் நின்று உப்பு வாருகிறவர்கள் தெரிவார்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறோம். ஆனால், உப்பு எடுத்தவரை யார் நினைக்கிறோம்?

விளையாட்டிலும் இதே கதைதான். ஜெயித்த டீமில் கடைசி ஆட்டக்காரன் பெயர் யாருக்கும் தெரியாது. அப்படி ஒருவனை நினைத்த ஒரு கோச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜான் வுட்டன். அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் பெரிய பெயர். 1964-லிருந்து 1975-க்குள் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 10 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். தொடர்ந்து 88 ஆட்டங்கள் ஜெயித்தது அவர் டீம். எனக்குப் பிடித்ததோ, அவர் ஒரு கோப்பையே வேண்டாம் என்று சொன்ன 1947.

அப்போது அவர் இண்டியானாவில் ஒரு சின்னக் கல்லூரியில் கோச். தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஒரே கண்டிஷன்... கறுப்பின மாணவர்கள் ஆடக் கூடாது. டீமில் கிளாரன்ஸ் வாக்கர் என்று ஒரு கறுப்பினப் பையன். ஸ்டார்கூட இல்லை, மாற்று ஆட்டக்காரன். அவனை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வுட்டன் அழைப்பையே மறுத்துவிட்டார்.

பி.காம். படித்த எனக்கு, லாப நஷ்டக் கணக்கில் இது உதைக்கிறது. ஒருவனுக்காக மற்றவர்களின் உழைப்பு வீணாகலாமா? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால், 'ஒருத்தன்தானே' என்று கழிக்கும்போது மிச்சம் இருப்பவர்களும் ஒன்று கற்றுக்கொள்கிறார்கள்: நாளைக்கு நம்மையும் இப்படித்தான் கழிப்பார்கள்!

அடுத்த வருடம், 1948-ல், அந்த விதி மாறியது. வாக்கர் போனான், ஆடினான். ஃபைனலில் டீம் தோற்றது. அதனால் என்ன?

நம் ஊருக்கு வருவோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால், பள்ளி வாசலில் '100% தேர்ச்சி' என்று பேனர். சில இடங்களில் அந்த நூறு எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். சுமாராகப் படிக்கிற பிள்ளையின் அப்பாவை ஒன்பதாவதிலேயே கூப்பிட்டு, 'வேற ஸ்கூல் பாத்துக்குங்க சார்' என்று டி.சி.யை நீட்டிவிடுவார்கள். நாமும் அந்த பேனரைப் பார்த்துத்தான் அட்மிஷனுக்கு க்யூவில் நிற்கிறோம்.

அடுத்த முறை நிற்கும்போது, 'பத்தாவதில் எத்தனை பேர் பாஸ்?' என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: 'ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தாங்க?'