காலம் எவர் உடைமை?

ஒரு மொழி எதனை ஒன்றாகக் கண்டது, எதனைப் பலவாகப் பகுத்தது என்பதை அதன் சொற்களே புலப்படுத்தும். ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'டைம்' என்னும் சொல், கடிகாரம் காட்டும் நேரத்தையும், செயலுக்கு உகந்த தருணத்தையும், கடந்துபோன யுகத்தையும், 'எத்தனை தடவை' என்னும் எண்ணிக்கையையும், எண்கணிதப் பெருக்கலையும், இசையின் தாளக்கட்டையும், கைதி கழிக்கும் சிறைவாசத்தையுங்கூட உணர்த்தும். தமிழிலோ இவற்றுட் பல காலம், நேரம், பொழுது, வேளை, தருணம், தடவை, தவணை எனத் தனித்தனிச் சொற்களால் வழங்குகின்றன. அகப்பொருள் இலக்கணம் நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது. திருக்குறள் 'காலமறிதல்' எனத் தனி அதிகாரமே வகுத்தது; ஆண்டு அறியப்பட வேண்டியது மணிக்கணக்கன்று, செயலுக்குரிய தருணமே.

பல பொருளை ஒரு சொல்லில் அடக்குதல் குறையன்று. எனினும், கணக்கிடத்தக்க ஒன்றாகக் காலத்தை எண்ணும் வழக்கு வலுப்பெறவே, அது பணத்தைப் போன்றதோர் உடைமையாயிற்று. 1748 இல் இளம் வணிகனொருவனுக்கு அறிவுரை எழுதிய பெஞ்சமின் பிராங்கிளின் காலத்தைப் பணமென்றே மதித்தார். இன்று தமிழரும் நேரத்தைச் 'செலவழிக்கின்றனர்', 'மிச்சப்படுத்துகின்றனர்'. அங்ஙனமாயின், காலம் தனியொருவனின் உடைமைதானா என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவுக்கு விடை தேட அம்பாறை மாவட்டத்து இறக்காமம் போன்றதொரு குளத்தூர் ஏற்ற இடமாகும். அங்குக் காலம் முதலில் போகமாகவே அறியப்படுகின்றது. வடகீழ்ப் பருவமழையொடு பெரும்போகம், குளத்து நீரை நம்பிச் சிறுபோகம். விதைப்புக்கும், நீர் திறப்பதற்கும், நீர் நிறுத்துவதற்குமான நாள்கள் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகின்றன. ஒருவன் தன் வசதி நோக்கிப் பிந்தி விதைப்பானாயின், அவனது வயலுக்காக வாய்க்கால் மேலும் சில நாள் ஓடவேண்டும். குளத்து நீர் குறையும். முன்னர் விதைத்த அயலானின் வயல் அறுவடைக்குக் காயாது. 'என் வயல், என் நேரம்' என்னும் கூற்று அவ்விடத்தே பொய்யாகின்றது. ஒருவனது தாமதம் மற்றொருவனது நீராகும்.

இலங்கையின் அண்மை வரலாறும் இதனைத் தெளிவுறுத்தும். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டன. 2006 ஏப்ரலில் பழைய நேரமே மீண்டது. நண்பகற் கதிரவன் சாய்ந்த பின் தொடங்கும் ளுஹர் தொழுகை, கடிகாரத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு மணியினின்று ஒரு மணிக்கு மாறியது, நிழல் மாறவில்லை. நேரம் ஆணையால் மாறும், பொழுது மாறாது. ஆயினும், 'சூரியன் மாறவில்லையே' என்றிருந்தவன் பேருந்தைத் தவறவிட்டிருப்பான். நேரம் இயற்கையன்று, மாந்தர்தம் உடன்பாடு. உடன்பாடாதலினாலேயே அதனை மீறுதல் வாக்குத் தவறுதலுக்கு ஒப்பாகின்றது.

'அஸர்' என்னும் அரபுச் சொல்லும் ஈண்டு நோக்கத்தக்கது. அது பிற்பகலின் பின்னேரத்தையும் குறிக்கும், காலம் முழுவதையும் குறிக்கும். அப்பெயர் கொண்ட திருக்குர்ஆனின் 103 ஆம் அத்தியாயம் மனிதனின் நட்டத்தைக் கூறி, அதனின்று தப்புவோரைப் பன்மையிலேயே சுட்டுகின்றது; அவர்கள் உண்மையையும் பொறுமையையும் ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்போராவர்.

இதற்கு மறுப்பும் உண்டு. ஒருவனது வாழ்நாளை வேறொருவன் வாழ்ந்து தர இயலாது. ஆதலின் காலத்தைப் போல் ஒருவனுக்கே உரிய பொருள் பிறிதில்லை என்பர். இம்மறுப்பு வலியது. ஆயின் இதுவே மேலைக் கருத்தை உறுதிப்படுத்துகின்றது. வாழ்நாள் அவரவர்க்கே உரியதாயின், பிறரைக் காக்கவைத்தல் அவர்தம் உடைமையைக் கவர்தலாகும். அந்தியில் கூலி கொடாது 'நாளை வா' எனப் பன்முறை திருப்பியனுப்புபவன் பணத்தை மட்டும் தாமதிக்கவில்லை. மீட்க இயலாத நாள்களையும் எடுத்துக்கொள்கின்றான். மாறாக, வெள்ளத்தில் பயிரிழந்தவனுக்கு அடுத்த அறுவடைவரை தவணை அளிக்கும் கடன்காரன், பணத்தாலும் வாங்கவியலாததைக் கொடுக்கின்றான். காத்திருப்பவன் பெரும்பாலும் எளியவன், காக்கவைப்பவன் வலியவன். அளவில் ஒன்றாய மணித்தியாலம் அறத்தில் ஒன்றாகாதது இதனாலேயே.

எனவே, காலம் எவர் உடைமை என்னும் வினாவுக்கு விடை ஒன்றன்று, இரண்டு: வாழும் காலம் அவரவருடையது; வாக்களித்த காலம் பிறருடையது. 'நேரமில்லை' என்று கூறுபவன், இல்லாத நேரம் தன்னுடையதா, வாயிலில் நிற்பவனுடையதா என ஒருமுறை எண்ணிப் பார்ப்பானாயின், பல சொற்களாகப் பகுத்த மொழியின் பயனை அவன் பெற்றவனாவான்.